புளியின் வேலை வேறு, சாம்பலின் வேலை வேறு

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், குசினிக்குள் நாளாந்தம் மல்லுக்கு நிற்கும் அழுக்குகள் மூன்று: மீன் வெட்டிய பலகையில் தங்கும் வெடுக்கு, கிணற்றுநீர் கொதித்துக் கொதித்துக் கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவு, கடற்காற்றில் பித்தளைக் குத்துவிளக்கின் மேல் பூக்கும் கறுப்பும் பச்சைக் களிம்பும். பார்வைக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த மூன்றும் இரசாயனத்தில் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவை. மூன்றும் அமிலத்தோடு சேர்ந்து கரையக்கூடியவை. தேசிக்காயையும் பழப்புளியையும் இவற்றுக்குப் பயன்படுத்தும் பழக்கம் வெறும் சிக்கனமல்ல, சரியான இரசாயனத் தெரிவு. ஆனால் அதே பொருட்களை எல்லா அழுக்குக்கும் மருந்தாக்கும்போது அந்தச் சரி பிழையாகிவிடுகிறது. எந்தப் பொருள் இயற்கையானது என்பதைவிட, எந்த அழுக்குக்கு எது பொருந்தும் என்பதே இங்கு கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் வெடுக்கை எடுத்துக்கொள்வோம். கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்கக் கடல்மீனின் தசையில் திரைமெதைலமைன் ஒட்சைட்டு என்றொரு பொருள் சேர்ந்திருக்கிறது. மீன் இறந்தபின் பற்றீரியாக்கள் அதைத் திரைமெதைலமைனாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைப்பது அதுதான். நன்னீர் மீன்களில் மூலப்பொருள் மிகக் குறைவு என்பதால், கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவுக்கும் மூதூர்க் கடலில் பிடித்த பாரைக்கும் மணம் ஒன்றாக இருப்பதில்லை. திரைமெதைலமைன் ஒரு காரம், எளிதில் ஆவியாகும். தேசிக்காயின் சித்திரிக் அமிலம் பட்டதும் அது ஆவியாகாத உப்பாக மாறி நீரோடு போய்விடுகிறது. வாசனைத் திரவங்களைப் போல மணத்தின் மேல் மணம் பூசும் வேலை இதில் இல்லை. இதிலிருந்து ஒரு செய்முறை ஒழுங்கும் கிடைக்கிறது. சவர்க்காரம் காரத்தன்மை உடையது. பலகையில் அதை முதலில் போட்டால் வெடுக்கு இன்னும் எழும்பும். தேசிக்காய்ப் பாதியையும் உப்பையும் வைத்துத் தேய்த்து, சில நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரால் அலசியபின் சவர்க்காரம் போடுவதே முறை.

விளக்கிலும் நடப்பது இதுவே. பித்தளையின் மேல் படியும் செப்பு ஒட்சைட்டையும் பச்சைக் களிம்பையும் புளியின் தார்த்தாரிக் அமிலம் கரைக்கிறது. கூடவே போடும் உப்பு உரசுவதற்கு மட்டுமல்ல; அதன் குளோரைட்டு, செப்பைக் கரைசலுக்குள் இழுக்க உதவுகிறது. கறி வைக்கப் புளி கரைத்தபின் எஞ்சும் சக்கையே இதற்குப் போதும், புதுப்புளி வேண்டியதில்லை. ஆனால் அதே குளோரைட்டு விளக்கின் வேலைப்பாட்டு இடுக்குகளில் தங்கினால், ஈரக் காற்றில் களிம்பு முன்னையதைவிட விரைவாக வரும். உப்புப்புளியால் துலக்கிய விளக்கை நிறைய நீரில் அலசி, துணியால் ஈரம் ஒற்றி எடுப்பது அதனால்தான் முக்கியம். கேத்தலின் படிவு கல்சியம் காபனேற்று. ஐந்து சதவீத வினாகிரி 100 மில்லிலீற்றரில் 5 கிராம் அசற்றிக் அமிலம் உண்டு. கணக்குப்படி அது ஏறத்தாழ 4 கிராம் படிவைக் கரைக்கும். அவசரப்படாமல் ஊற விடவேண்டும், அவ்வளவே.

எண்ணெய்ப் பிசுக்கு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. மீன் பொரித்த தாச்சியில் தேசிக்காயைத் தேய்த்தால் கை வலிக்குமே தவிரக் கொழுப்பு அசையாது. அதற்குக் காரம் வேண்டும். விறகுச் சாம்பலில் உள்ள பொற்றாசியம் காபனேற்று, கொழுப்பின் ஒரு பகுதியைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடும். தேங்காய்த் தும்பு மீதியை உரசி எடுக்கும். காஸ் அடுப்பு வந்து சாம்பல் அரிதான வீட்டில் அப்பச்சோடா உண்டு. அது மென்மையான காரம்தான், ஆனால் நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் வலுக்கூடிய சோடியம் காபனேற்றாக மாறும். இப்போது வீட்டுக்கு வீடு பரவியிருக்கும் ஒரு முறை, வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிட்டுத் துடைப்பது. பொங்குவது காபனீரொட்சைட்டு வாயு மட்டுமே. மேலே சொன்ன 100 மில்லிலீற்றர் வினாகிரியை ஏழு கிராம் அப்பச்சோடா, அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி, முற்றாகச் செயலிழக்கச் செய்துவிடும். எஞ்சுவது சோடியம் அசற்றேற்று கரைந்த நீர். படிவைக் கரைக்க அதில் அமிலம் இல்லை, பிசுக்கைக் கரைக்கக் காரமும் இல்லை. இரண்டு நல்ல பொருட்களை வீணாக்க இதைவிட நிச்சயமான வழி கிடையாது.

‘இவை கிருமியைக் கொல்லுமா?’ என்ற கேள்வி நியாயமானது. சில பற்றீரியாக்களை வினாகிரி குறைக்கும். நம்பியிருக்கத்தக்க கிருமிநீக்கி என்று அதைச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகளைச் சுத்தம் செய்தபோது குளோரின் இட்டார்கள். அந்த வேலையைக் குசினியில் உள்ள எதுவும் செய்யாது. நோயாளி இருக்கும் அறைக்கும் வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும் வெளிற்றும் தூள் வேண்டியதுதான். ஆனால் அதை வினாகிரியோடோ தேசிக்காயோடோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்கள் மீது ஏவப்பட்ட அதே வாயு, கதவடைத்த குளியலறைக்குள் நுரையீரலைப் பதம் பார்க்கச் சிறிதளவே போதும்.

அமிலம்தான் வேண்டுமென்றால் கடையில் விற்கும் ஐதரோகுளோரிக் அமிலத்தையே வாங்கலாமே என்பது அடுத்த வாதம். வேகம் அதில் உண்டு. அந்த வேகமே ஆபத்தும். அது படிவோடு சீமெந்தையும் உலோகத்தையும் அரிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையைப் பறிக்கும். வலுக்குறைந்த அமிலமென்பதால் வினாகிரி எங்கும் ஊற்றத்தக்கது என்றும் ஆகாது. சீமெந்துத் தரை, மாபிள், சுண்ணாம்புப் பூச்சு எல்லாவற்றிலும் கல்சியம் உண்டு. கேத்தலின் படிவைக் கரைக்கும் அமிலம் தரையையும் மெல்ல மெல்லச் சொரசொரப்பாக்கும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சாம்பலும் சோடாவும் ஆகாது, காரம் அந்த உலோகத்தைக் கறுக்கச் செய்து அரிக்கும். அதற்கு மென்மையான சவர்க்காரமும் தும்பும் போதும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்கிணறுகளில் நீர் வன்னீராக இருந்து சவர்க்காரம் நுரைக்க மறுத்தால், பாத்திரத்தில் ஒட்டும் வெண்திப்பியை நீக்கக் கடைசி அலசலில் ஒரு மூடி வினாகிரி சேர்த்தால் போதும்.