கோடைச் சுற்றுலா: போவதா, வேண்டாமா? எக்ஸெல்லில் ஒரு கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை என்று வேலைக்குப் போகிறவர்கள் வீடுகளில் மார்ச் பிறந்ததும் ஒரு பேச்சு தொடங்கும். ஊட்டியா, கொடைக்கானலா, சொந்த ஊரா? பிள்ளைகள் ஆளுக்கு ஓர் ஊர் சொல்வார்கள். வீட்டுத் தலைவர் "பார்க்கலாம்" என்பார். அந்தப் "பார்க்கலாம்" ஏப்ரல் கடைசி வரை நீளும். அதற்குள் ரயிலில் இடம் தீர்ந்திருக்கும். மீதம் இருப்பது விலை கூடிய ஆம்னி பஸ் மட்டுமே.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. 2025ம் ஆண்டுக் கோடையை எண்ணிப் பாருங்கள். மார்ச் 12ல் அமெரிக்கா இறக்குமதி எஃகுக்கு 25 சதவீத வரி போட்டது. ஜூன் 4ல் அதையே 50 சதவீதம் ஆக்கியது. உருக்காலைகளும் வார்ப்படத் தொழிற்சாலைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டியில், ஆர்டர் குறையுமா, ஓவர்டைம் நிற்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியுமா? இடையில் ஏப்ரல் 22ல் பஹல்காம் தாக்குதல். மே 7ல் இந்திய ராணுவ நடவடிக்கை. வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டு, மே 12ல்தான் திறந்தன. காஷ்மீருக்குப் பணம் கட்டியிருந்த குடும்பங்கள் தவித்துப் போயின.

இப்படிப்பட்ட ஆண்டில் உங்கள் புதிய கம்ப்யூட்டர் என்ன செய்ய முடியும்? நாளை என்ன நடக்கும் என்று அது ஜோசியம் சொல்லாது. ஆனால், "போகலாமா, வேண்டாமா" என்ற பதில் இல்லாத கேள்வியை, "எந்தத் தேதி வரை பின்வாங்கலாம், அதற்கு எவ்வளவு இழப்பு" என்ற பதில் உள்ள கேள்வியாக மாற்றித் தரும். அதற்கு ஒரே ஓர் ஒர்க்ஷீட் போதும்.

ஷீட்டைத் தயார் செய்திடுங்கள்

எக்ஸெல் உள்ளவர்கள் அதைத் திறக்கவும். கம்ப்யூட்டருடன் வந்த ஆபீஸ் தொகுப்பு சோதனைக் காலம் முடிந்து பணம் கேட்கிறதா? கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம் இலவசம். மெனுக்களின் இடம் சற்று மாறும், கணக்கு ஒன்றுதான்.

முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்திடவும். ஏ நெட்டு வரிசையில் "செலவு", பி-யில் "தொகை", சி-யில் "இழப்பின்றி விலகக் கடைசி நாள்", டி-யில் "அதன் பின் விலகினால் இழப்பு", இ-யில் "மீதி நாள்". அடுத்து ஜி1 செல்லில் கர்சரை வைத்து, பார்முலாஸ் டேபில் டேட் அண்ட் டைம் என்பதைக் கிளிக் செய்திடவும். விரியும் பட்டியலில் டுடே என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால், அன்றைய தேதி வந்து அமரும். ஷீட்டை மறுநாள் திறந்தால் தேதியும் மறுநாளுக்கு மாறியிருக்கும். கன்ட்ரோல் கீயுடன் செமிகோலன் கீயை அழுத்தியும் தேதி பெறலாம் என்று சிலர் சொல்வார்கள். பெறலாம், ஆனால் அது அப்படியே நின்றுவிடும், மாறாது. இங்கே அது உதவாது.

இனி இ2 செல்லுக்கு வாருங்கள். சம அடையாளம் டைப் செய்து, சி2 செல்லில் கிளிக் செய்திடவும். கழித்தல் அடையாளம் இட்டு, ஜி1 செல்லில் கிளிக் செய்திடவும். உடனே எப்4 கீயை ஒரு முறை தட்டவும். ஜி1 முகவரியில் டாலர் அடையாளங்கள் சேர்வதைப் பார்க்கலாம். இது "எங்கே காப்பி செய்தாலும் இந்தச் செல்லையே பார்" என்று எக்ஸெல்லுக்குச் சொல்வது. என்டர் தட்டினால் மீதமுள்ள நாட்கள் கிடைக்கும். சில சமயம் எண்ணுக்குப் பதில் ஏதோ ஒரு பழைய தேதி தெரியும். அப்போது ஹோம் டேபில் நம்பர் பகுதியில் ஜெனரல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், தேதி உள்ள மற்ற வரிசைகளுக்கும் பார்முலா இறங்கிவிடும். விடை மைனஸில் வந்தால் அந்தத் தேதி கடந்துவிட்டது என்று பொருள்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் தேதிதான். 5/6 என்று டைப் செய்தால் நமக்கு அது ஜூன் 5. விண்டோஸில் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், எக்ஸெல் அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் தவறிப் போகும், நமக்குத் தெரியவும் தெரியாது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவுக்குச் சென்று, ரீஜனல் பார்மட் என்பது இங்கிலீஷ் இந்தியா என்று உள்ளதா எனப் பார்த்துவிடுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. டைப் செய்த தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாகப் புரிந்துகொண்டது. இடப்பக்கம் ஒட்டினால் வெறும் எழுத்தாகவே வைத்திருக்கிறது, கணக்கு வராது.

என்ன எழுதுவது?

கும்மிடிப்பூண்டியிலிருந்து நால்வர் கொண்ட குடும்பம் மே 10ல் ஊட்டிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். சென்ட்ரல் வந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களுக்குப் பதில் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. மே 10ல் இருந்து 60ஐக் கழித்தால் மார்ச் 11 வரும். இதையும் எக்ஸெல்லே கழித்துத் தரும். குறைத்தது நல்லது என்றே சொல்வேன். முன்பு ஜனவரியிலேயே மே மாதத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. இப்போது ஆலை நிலவரம், தேர்வு அட்டவணை எல்லாம் ஓரளவு தெரிந்த பிறகு டிக்கெட் எடுக்கலாம்.

டிக்கெட்டை ரத்து செய்தால் என்ன ஆகும்? 2015 நவம்பர் 12ல் ரத்துக் கட்டணங்கள் இரு மடங்காக்கப்பட்டபோது, முன்கூட்டியே ரத்து செய்யும் ஸ்லீப்பர் பயணிக்கு 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசி பயணிக்கு 180 ரூபாய் என்று வைத்தார்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கக் கட்டணத்தில் கால் பங்கு, பின் அரைப் பங்கு, அதன் பின் ஒன்றுமே திரும்பாது என்று படிப்படியாக ஏறும். இந்தப் படிகளின் மணிக் கணக்கு அவ்வப்போது மாற்றப்படுவதால், டிக்கெட் எடுக்கும் நாளில் ஐஆர்சிடிசி தளத்தில் பார்த்து எழுதிக்கொள்ளவும். ஷீட்டில் ரயிலுக்கு இரண்டு வரிசை ஒதுக்குங்கள். ஒன்றில் டிக்கெட் எடுத்த தேதியும், முன்கூட்டியே ரத்து செய்தாலும் போகும் தொகையும். நால்வருக்குப் போக வர ஸ்லீப்பர், தலைக்கு 120 என்றால் 960 ரூபாய். இன்னொன்றில் கால் பங்கு பிடித்தம் தொடங்குவதற்கு முந்தைய நாளும், அப்போது கூடுதலாகப் போகும் தொகையும். முழுத் தொகையைப் பார்த்துப் பயந்தவர்கள், 960ஐப் பார்த்ததும் தைரியமாக டிக்கெட் எடுத்துவிடுவார்கள். இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அதுதான் விலை.

அறை விஷயத்தில்தான் கணக்கு சூடு பிடிக்கும். ஒரே விடுதி, ஒரே அறை. புக்கிங் தளத்தில் இரண்டு விலை இருக்கும். உதாரணத்திற்கு, பணம் திரும்பாது என்றால் 5,200 ரூபாய். மூன்று நாள் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்றால் 6,000 ரூபாய். விலை குறைந்ததைக் கிளிக் செய்யவே கை போகும். சற்றுப் பொறுங்கள். வித்தியாசமான 800ஐ 6,000 ஆல் வகுத்தால் 0.13 வரும். அதாவது, பயணம் நின்று போக ஏழில் ஒரு வாய்ப்பு இருப்பதாக உங்களுக்குத் தோன்றினாலே, 6,000 ரூபாய் அறைதான் லாபம். எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஆண்டில் 5,200 சரி. ஷிப்ட் பட்டியலே வாரா வாரம் மாறும் ஆண்டில் 800 ரூபாய் வீண் செலவு அல்ல.

சாப்பாடு, உள்ளூர் வண்டி, தோட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை அங்கே போய்க் கொடுத்துக்கொள்ளலாம். முன்பணம் கேட்கும் "எல்லாம் சேர்ந்த பேக்கேஜ்" வேண்டாம். ஷீட்டில் அது ஒரே வரிசையில் பெரிய தொகையாக, சீக்கிரமே காலாவதியாகும் தேதியுடன் நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

காரில் போகிறவர்களுக்கு இன்னொரு வரிசை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000 என்று எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. அரசு பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்த ஆண்டின் விதி என்ன, உங்கள் தேதிக்கு இ-பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சிவப்பாகும் செல்கள்

இ நெட்டு வரிசையில் எண்கள் உள்ள செல்களைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கன்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தென் என வரிசையாகச் செல்லவும். கட்டத்தில் 7 என்று டைப் செய்து ஓகே கொடுக்கவும். கடைசி நாளுக்கு ஒரு வாரத்திற்கும் குறைவாக உள்ளவை சிவப்பாகும். வீட்டில் பேச்சை மறுபடி எடுக்க வேண்டிய நாள் அதுதான்.

இன்றே பயணத்தை நிறுத்தினால் மொத்த இழப்பு எவ்வளவு? ஜி3 செல்லில் கர்சரை வைத்து, பார்முலாஸ் டேபில் மேத் அண்ட் டிரிக் பட்டியலில் சம்இஃப் என்பதைக் கிளிக் செய்திடவும். மூன்று கட்டங்கள் கொண்ட விண்டோ வரும். முதல் கட்டத்திற்கு இ வரிசை செல்களை மவுஸால் தேர்ந்தெடுக்கவும். இரண்டாவதில் <0 என்று டைப் செய்திடவும். மூன்றாவதற்கு டி வரிசை செல்களைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். கெடு கடந்த செலவுகளின் இழப்பு மட்டும் கூட்டி வரும்.

இந்த எண்ணை எதனுடன் ஒப்பிடுவது? ஜூனில் பள்ளிக் கட்டணம், நோட்டுப் புத்தகம், வீட்டு வாடகை, கடன் தவணை எல்லாம் போக மிஞ்சும் பணத்துடன். வருமானத்தை எழுதும்போது ஓவர்டைமைச் சேர்க்காமல் எழுதுங்கள். ஓவர்டைம் வந்தால்தான் போக முடியும் என்ற பயணத்தை, வந்த பிறகு முடிவு செய்தால் போதும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

அவசரப்பட்டு கேன்சல் செய்யாதீர்கள்

ஷீட்டில் எழுத முடியாத விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் ரத்து செய்தால் பிடித்தம். அவர்களே ரத்து செய்தால் முழுப் பணம். 2020 மார்ச்சில் ஊரடங்கால் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டபோது, டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்ய வேண்டாம், முழுத் தொகை தானாகவே வரும் என்று ஐஆர்சிடிசி கேட்டுக்கொண்டது. 2025ல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு விமான நிறுவனங்கள் ஸ்ரீநகர் டிக்கெட்டுகளுக்குச் சில நாட்கள் கட்டணமின்றித் தேதி மாற்றமும் ரத்தும் தந்தன. எனவே டிவியில் செய்தி வந்தவுடன் கேன்சல் பட்டனைத் தேடாதீர்கள். ஷீட்டில் அடுத்த கடைசி நாள் என்று என்று பாருங்கள். ஐந்து நாள் இருந்தால், நான்கு நாள் காத்திருப்பதில் தவறில்லை.

தேர்தல் ஆண்டில் பள்ளித் தேதிகளும் ஆடும். 2024ல் தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. நான்கு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை இரண்டு தேர்வுகள் ரம்ஜானை முன்னிட்டு ஏப்ரல் 22, 23க்குத் தள்ளிப் போயின. ஏப்ரல் 20க்கு டிக்கெட் எடுத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். பள்ளி திறப்போ வெயிலால் ஜூன் 6ல் இருந்து 10க்குத் தள்ளிப் போனது. 2023லும் இப்படி நடந்தது. ஆகவே விடுமுறையின் முதல் வாரத்தைவிட மே நடுப்பகுதி பாதுகாப்பானது. நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் பறக்கும் படைக்கு ஆவணம் காட்ட வேண்டும். பணம் எடுத்த வங்கிக் கணக்கு விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

ஒர்க்புக்கின் கீழே உள்ள கூட்டல் அடையாளத்தைக் கிளிக் செய்து இரண்டாவது ஷீட் ஒன்றும் திறந்துகொள்ளுங்கள். அதில் பக்கத்து ஊர்கள்: திருத்தணி, சிறுவாபுரி முருகன் கோவில், பூண்டி நீர்த்தேக்கம், பழவேற்காடு. (பழவேற்காட்டுப் பூநாரைகள் குளிர்கால விருந்தாளிகள், மே மாதம் போய்த் தேடாதீர்கள்.) இந்த ஷீட்டில் டி வரிசை முழுக்கப் பூஜ்யமாக இருக்கும். முதல் ஷீட் கைவிட்டாலும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் ஊர் இருக்கும்.

பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை. விடுதியின் பெயரைத் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். விடுதியின் பெயரில் போலித் தளங்களும் உலவுகின்றன. முகவரியை எழுத்துக்கு எழுத்து சரி பார்த்து, விடுதிக்குப் போன் செய்து கேட்ட பிறகே பணம் அனுப்பவும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.