இருபத்தேழாம் பக்கம்

அம்மா படித்து முடித்த கதைப் புத்தகத்தில் 27-ஆம் பக்கத்தைத் திருப்பினால், எண்ணுக்குக் கீழே பென்சிலில் ஒரு சின்னச் சுழி இருக்கும். வாடகைக்குப் புத்தகம் தரும் கடையில் பாதிப் புத்தகங்களுக்கு அட்டை இருக்காது. பைண்டு செய்ததில் தலைப்பும் போயிருக்கும். ஏற்கெனவே படித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர் வைத்த அடையாளம் அது. கதை நன்றாக இருந்தால் சுழிக்குள் ஒரு புள்ளியும் விழும். அவருடன் வேலை பார்த்த அக்கா ஒருவர் 50-ஆம் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவார். இன்னொருவர் கடைசிப் பக்கத்து மூலையை முக்கோணமாக மடித்துவிடுவார். புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான். ஆனால் சுழி, பெருக்கல், மடிப்பு மூன்றும் சேர்ந்த புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

1989 செப்டம்பர் 30-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. பிறகு கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்தது. அதுவரை வேலூர் ரோட்டில், ஊருக்குச் சற்று முன்னால் வரும் ஏரிக்கரைக் கிராமம்தான் வேங்கிக்கால். ஆபீஸ் வந்ததும் காலையில் வேலூர், கண்ணமங்கலம், போளூர் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். அம்மா போளூரில் ஏறுவார். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் மடியில் சாப்பாட்டுப் பை, கையில் ‘மாலைமதி’ அல்லது ‘க்ரைம் நாவல்’.

அந்த பஸ்ஸில்தான் சிபாரிசு நடக்கும். வாய் திறந்து சொல்லக்கூட வேண்டாம், அட்டை போதும். ராஜேஷ்குமார் புது இதழ் ஒருவர் கையில் இருந்தால், எதிர்ச் சீட்டுக்காரர் தலையைச் சாய்த்துத் தலைப்பைப் படிப்பார். “முடிச்சதும் குடுங்க மேடம்” என்பார். கண்டக்டர்கூட ஒருமுறை அப்படிக் கேட்டு வாங்கி, மூன்றாம் நாள் அதே பஸ்ஸில் திருப்பிக் கொடுத்ததாக அம்மா சொல்வார். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராமல் நின்றால் சலித்துக்கொள்ளாத ஆட்கள் இவர்கள்தான். அன்று ஒரு நாவல் முழுசாக முடிந்துவிடும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் செக்‌ஷன் செக்‌ஷனாகப் புத்தகம் சுற்றும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, யாருக்கு எது என்று அவர்கள் பிரித்து வைத்திருந்த விதம். வீட்டில் பிரச்சினை உள்ளவருக்கு ரமணிசந்திரன் போகும்; எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற நிச்சயம் அவருக்கு வேண்டும். கணக்குப் பிரிவுக்காரருக்குச் சுஜாதாவின் கணேஷ்-வசந்த். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா இளம்பெண்களுக்கு. ராத்திரி தனியாக இருப்பவருக்கு இந்திரா சௌந்தர்ராஜனைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு எழுதாத விதியே உண்டு. “விறுவிறுன்னு போகும்”, “நடுவுல கொஞ்சம் இழுவை, பொறுத்துக்கோ”, “முடிவை மட்டும் கேக்காதே” என்ற மூன்று வாக்கியத்தில் மதிப்புரை முடிந்துவிடும். தன் காசில் வாங்கிய புத்தகத்தைத் திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்தார்கள். அதனால் அந்த வார்த்தைக்கு எடை இருந்தது.

இந்த வகை எழுத்துக்கு வேறு வழியும் இல்லை. கனமான நாவல் வந்தால் சிற்றிதழில் விமர்சனம் வரும், கூட்டம் போடுவார்கள், பரிசு கொடுப்பார்கள். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமாரின் எந்த நாவலை முதலில் படிக்கலாம் என்று எந்த விமர்சகரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. கடைசிப் பக்கத்தில் அடுத்த மாத நாவலின் விளம்பரம் இருக்கும், அவ்வளவுதான். மீதி எல்லாம் வாய்வழி. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இந்தக் கதைகளை ஆங்கிலத் தொகுப்பாகக் கொண்டுவந்த பிறகுதான், படித்தவர்கள் கூடும் இடங்களில் இவற்றின் பெயர் தைரியமாக அடிபட ஆரம்பித்தது. அம்மாவின் செக்‌ஷனுக்கு அந்த அனுமதி தேவைப்பட்டதில்லை.

நம் மாவட்டத்துக்கு இதில் பழைய உரிமையே உண்டு. தமிழில் துப்பறியும் கதையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த முன்னோடிகளில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915-இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’யில் ஆசிரியராக இருந்து எழுதினார். லண்டன் ஷெர்லாக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார். எழுத்தறிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்பதுதான் வழக்கம். அங்கே சிபாரிசு, வாசிப்பு இரண்டும் ஒன்றுதான். ஆரணியின் பெயரைப் பட்டுக்காக மட்டும் சொல்பவர்களிடம் இவர் பெயரையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு.

அரசு நூலகத்தில் சிபாரிசு வேறு மாதிரி நடந்தது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் தந்த பெரிய கொடை ஊர்ப்புற நூலகங்கள். அங்கே எடுக்கும் புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித்தாள்தான் எனக்கு வழிகாட்டி. ஊதா மையில் தேதிகள் நெருக்கி நெருக்கிக் குத்தியிருந்தால் ஊரே படித்திருக்கிறது என்று பொருள். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன், தாள் நிரம்பி, அதன் மேல் இரண்டாவது தாள் ஒட்டியிருந்தது. அன்று வயிறு வலிக்கச் சிரித்ததை இப்போதும் நினைத்துக்கொள்வேன். பையன்களுக்குக் காமிக்ஸ். 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்த முத்து காமிக்ஸும் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் எங்கள் தெருவில் பம்பரத்துக்கும் கோலிக்கும் பண்டமாற்றாகும்.

இன்று அதே வேலூர் ரோட்டில் ஏறினால் பஸ்ஸில் பாதிப் பேராவது ஏதோ படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாசிப்பே செத்துவிட்டது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் தமிழ்த் தொடர்கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சமையலை முடித்துவிட்டு இரவில் எழுதுகிறார்கள். படித்தவர் கீழே ஒரு வரி எழுதினால் எழுத்தாளரே பதில் சொல்கிறார். ரமணிசந்திரனுக்கு அருணோதயம் பதிப்பக முகவரியில் கடிதம் போட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். இன்னொன்றும் உண்டு. “இந்த வயசுல காதல் கதையா?” என்று கேட்க இப்போது ஆளில்லை. போனில் என்ன ஓடுகிறது என்பது யாருக்குத் தெரியும்?

ஆனால் போனுக்கு அட்டை இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். பக்கத்துச் சீட்டுப் பெண் படிப்பது பாடமா, பாங்கு தேர்வா, பேய்க்கதையா, எதுவும் தெரிவதில்லை. எட்டிப் பார்த்தால் மரியாதை இல்லை. “முடிச்சதும் குடுங்க” என்று கேட்க அங்கே பொருளும் இல்லை. நட்சத்திரம் ஐந்துக்கு நாலரை என்று செயலி காட்டுகிறது. அது யாருடைய நாலரை? கணக்குப் பிரிவுக்காரருடையதா, ராத்திரி தனியாக இருப்பவருடையதா? முன்பு படித்ததைப் போலவே இன்னொன்றைச் செயலி எடுத்து நீட்டும். அம்மாவின் செக்‌ஷனில் அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். “இதையே எத்தனை நாள் படிப்பே, இந்தா இதைப் பாரு” என்று கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைத் திணிப்பார்கள். எனக்குத் தெரிந்து நல்ல சிபாரிசு என்பது அதுதான்.

திருவண்ணாமலையில் அந்தப் பழைய வாய்வழி இன்னொரு வடிவத்தில் வாழ்கிறது. பவா செல்லதுரை மேடையில் கதை சொல்லக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். யூடியூபிலும் அவரைக் கேட்கிறார்கள். ஆனால் அவர் சொல்வதில் பெரும்பகுதி இலக்கியம். இளைப்பாறப் படிக்கும் கதைகளுக்கும் அப்படி ஒரு குரல் வேண்டும் என்று எனக்கு ஆசை. மாவட்டப் புத்தகத் திருவிழாவில் போன முறை ஒரு பாட்டி, கடைக்காரப் பையனிடம் “சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லு தம்பி” என்று கேட்டார். அவன் விலைப்பட்டியலை நீட்டினான். நான் குறுக்கே போய்ச் சாம்புவைச் சொன்னேன்.

அம்மா ஓய்வுபெற்று வேங்கிக்காலிலேயே தங்கிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் முன்பு தெரிந்த வயல் இப்போது வீடுகள். கண் புரைக்கு அறுவை செய்த பிறகு பொடி எழுத்தைத் தொடுவதில்லை. போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். பெருக்கல் குறி போடும் அந்த அக்கா போளூரில் இருக்கிறார். இருவரும் ஒரே கதையை ஒரே வாரத்தில் படிக்க முடிவு செய்தார்கள். முதல் நாளே சிக்கல். “27-ஆம் பக்கத்துல அந்த டாக்டர் வரான் பாரு, அவன்மேல எனக்குச் சந்தேகம்” என்று அம்மா சொல்ல, “என் போன்ல 27-ல கல்யாணம்தான் நடக்குது” என்றார் அக்கா. எழுத்தின் அளவுக்குத் தக்கபடி பக்கம் மாறும் என்பதை நான் விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அத்தியாயக் கணக்கில் பேசிக்கொள்கிறார்கள். நேற்று இரவு பத்தரைக்கு அம்மாவின் போனில் ஒரு குரல்செய்தி வந்தது. சத்தமாக வைத்துத்தான் கேட்பார்.

“நான் பதினாலுல இருக்கேன். நீ முடிச்சிருந்தா ஒண்ணும் சொல்லாதே. நல்லா இருக்கா, இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “புள்ளி வெச்சிருக்கேன்டீ.”