கோப்புகளில் களையெடுத்தல்

மும்பையின் தாராவியில் தோற்பை, பணப்பை, இடைவார் முதலியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகள் பல உள்ளன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் முற்காலத்தில் இங்குத் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். பையின் அளவுகளை அட்டையில் வரைந்து, அதனை வைத்துத் தோலை வெட்டுவது பழைய முறை. இன்று அவ்வரைபடத்தைக் கணினியிலும் உருவாக்கலாம். இம்முறையில் ஒவ்வொரு திருத்தமும் ஒரு புதிய பதிப்பாக அமைவதுண்டு.

பதிப்புகள் பெருகும் விதம்

கோப்பை நம் கணினியில் மட்டும் வைக்காமல், தொலைவிலுள்ள கணினிகளில் இணையத்தின்வழிச் சேமிப்பது மேகக்கணிமையின் ஒரு பயன்பாடு. ஃபியூஷன் என்னும் வடிவமைப்பு மென்பொருளில், சேமிக்கும்தோறும் ஒரு பதிப்பு உருவாகிறது. ஃபிக்மா இடையிடையே தானாகவே பதிப்புகளைப் பதிந்துகொள்கிறது. அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்துவோர் 30 நாள் வரலாற்றை மட்டுமே காண இயலும்.

பழைய பதிப்புகள் குவிந்தால் குழப்பம் விளையும். 'இறுதி', 'இறுதி 2', 'புதிய இறுதி' என மூன்று கோப்புகள் இருப்பின், எது உண்மையான இறுதி? கணினியில் செய்த பிழையை நொடியில் திருத்தலாம். தவறான வரைபடத்தைக் கொண்டு வெட்டிய தோலை மீண்டும் ஒட்ட இயலாது. பொருளும் உழைப்பும் வீணாகும்.

களையும் முறை

முதலில், உடன் பணிபுரிவோரைக் கேட்டு, நடப்பிலுள்ள பதிப்பை உறுதி செய்தல் வேண்டும். அடுத்து, முக்கியமான பதிப்புகளுக்குத் தெளிவான பெயரிடுதல் வேண்டும். 'கைப்பை – பிடி நீளம் குறைத்தது – ஜூன் 12' என்பது போன்ற பெயர், மாற்றத்தையும் நாளையும் ஒருங்கே உணர்த்தும். பின்னர், பழைய பதிப்பு வேறொரு வடிவமைப்பில் உறுப்பாக இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்த பதிப்பைத் தனியே படியெடுத்து வைத்தபின், எஞ்சியவற்றை நீக்கலாம்.

ஏடுகள் கற்பிக்கும் பாடம்

பனையோலை ஏடுகள் காலப்போக்கில் சிதையும். ஆகவே, முன்னோர் அவற்றைப் புதிய ஓலையில் படியெடுத்தனர். ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. படியெடுக்காமல் விட்ட ஏடுகளோடு சில நூல்களும் மறைந்தன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். பல படிகளை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு படியில் சிதைந்த இடத்தை மற்றொரு படி விளக்கியது. பழையது என்பதனாலேயே ஒன்று பயனற்றதாகிவிடாது.

களையெடுக்கும் உழவர், பயிர் எது, களை எது என்று அறிந்த பின்னரே கை வைப்பார். கோப்புகளை நீக்குவோருக்கும் அவ்வறிவே முதற்கருவி.

அருஞ்சொற்பொருள்
இடைவார் – இடுப்பில் கட்டும் தோற்பட்டை
படியெடுத்தல் – பார்த்து அதேபோல் எழுதுதல்
களை – பயிரிடையே முளைக்கும் வேண்டாத செடி

வினாக்கள்
1. 'இறுதி 2' போன்ற பெயர்கள் குழப்பம் தருவது ஏன்?
2. ஏடுகளைப் படியெடுத்தலும் கோப்புகளைப் படியெடுத்தலும் எவ்வகையில் ஒத்தவை?
3. நீ வரைந்த படக் கோப்பு ஒன்றிற்கு நாளும் மாற்றமும் விளங்கப் பெயரிடுக.