வேகத்துக்கு வரம்பில்லை, செலவுக்கு உண்டு

ஃபார்முலா 1 கார் பந்தயத்தை நாம் வேகத்தின் விளையாட்டாகவே அறிவோம். ஆனால், நெடுங்காலம் அது பணத்தின் விளையாட்டாகவும் இருந்துவந்தது. பெரிய அணிகள் ஆண்டுக்காண்டு செலவைக் கூட்டின. ஈடுகொடுக்க முயன்ற சிறிய அணிகள் நிதி நெருக்கடியில் சிக்கின. எச்.ஆர்.டி. அணி 2012 பருவத்தோடு களத்தை விட்டு நீங்கியது. 2014-இல் கேட்டர்ஹாம், மருசியா ஆகிய இரு அணிகளும் நொடித்தன.

இந்தியப் பெயர் தாங்கிய ஃபோர்ஸ் இந்தியா அணியின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. 2016, 2017 ஆகிய ஈராண்டுகளிலும் அணிகளின் வரிசையில் நான்காம் இடம் பெற்ற அது, 2018 ஜூலையில் கடன் சுமையால் திவால் நிர்வாகத்தின்கீழ் வந்தது. புதிய உரிமையாளர்கள் கைகொடுத்ததால்தான் நானூறுக்கும் மேற்பட்டோரின் வேலை தப்பியது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டிய ஜோர்டன் அணியின் வழிவந்ததே இந்த அணி. இன்று அது ஆஸ்டன் மார்ட்டின் என்னும் பெயரில் ஓடுகிறது.

வரம்பு வந்த வரலாறு

செலவுக்கு வரம்பிடும் எண்ணம் புதிதன்று. 2010 பருவத்துக்கு 4 கோடி பவுண்டு என்னும் விருப்ப வரம்பை, பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி 2009-இல் முன்மொழிந்தார். தனிப் போட்டித் தொடரையே தொடங்கிவிடுவோம் என்று பெரிய அணிகள் எச்சரிக்கவே, திட்டம் கைவிடப்பட்டது.

கட்டாய வரம்பு 2021-இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதலில் 17.5 கோடி டாலர் என முடிவான தொகை, கொரோனா காலத்தில் வருவாய் வற்றியதால் 14.5 கோடியாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 14 கோடி, 2023-இல் 13.5 கோடி என அடிப்படைத் தொகை இறங்கியது. விலைவாசி உயர்வுக்கும் கூடுதல் பந்தயங்களுக்கும் ஏற்ப இது சரிசெய்யப்படும். 2026-க்கு 21.5 கோடி டாலராக உயர்ந்திருப்பதற்கு, முன்பு விலக்கப்பட்டிருந்த சில செலவுகளும் உள்ளே கொண்டுவரப்பட்டது ஒரு காரணம்.

எது உள்ளே, எது வெளியே?

காரை வடிவமைத்தல், உருவாக்குதல், மேம்படுத்துதல், பந்தயத்தில் இயக்குதல் ஆகியவற்றுக்கான செலவு வரம்புக்குள் அடங்கும். பணியாளர் ஊதியமும் அவ்வாறே. ஆனால் ஓட்டுநர்களின் ஊதியம், மிக உயர்ந்த சம்பளம் பெறும் மூவரின் ஊதியம், விளம்பரச் செலவு ஆகியவை சேரா. எஞ்சின் தயாரிப்போருக்கு 2023 முதல் தனி வரம்பு உண்டு.

இதனோடு இணைந்தது காற்றியக்கச் சோதனைக்கான கட்டுப்பாடு. முதலிடம் பெற்ற அணிக்கு அடிப்படை அளவில் 70 விழுக்காட்டுச் சோதனை வாய்ப்பே கிட்டும். பத்தாம் இடத்து அணிக்கு 115 விழுக்காடு. பின்தங்கியவர் முன்னேற இது வழிவிடுகிறது.

மீறினால் என்ன?

அணிகள் ஆண்டுக் கணக்கைக் கூட்டமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் குறைவான மீறல் சிறியது. அதற்கு மேற்பட்டால் சாம்பியன் பட்டப் புள்ளிகளே பறிபோகும். ரெட்புல் அணி 2021 கணக்கில் 18.64 லட்சம் பவுண்டு, அதாவது 1.6 விழுக்காடு, மிகுதியாகச் செலவிட்டதாகக் கண்டறியப்பட்டது. வரிச் சலுகையை முறையாகக் கணக்கிட்டிருந்தால் மீறல் 0.37 விழுக்காடாகவே இருந்திருக்கும் என்பதையும் கூட்டமைப்பு ஏற்றது. எனினும் 70 லட்சம் டாலர் அபராதமும், காற்றியக்கச் சோதனையில் 10 விழுக்காட்டுக் குறைப்பும் விதிக்கப்பட்டன. பணம் படைத்த அணி அபராதத்தை எளிதில் கட்டிவிடும். இழந்த சோதனை நேரத்தை எந்தப் பணத்தாலும் மீட்க இயலாது.

இவ்விதிகளுக்கு விலையும் உண்டு. பெரிய அணிகள் ஆட்களைக் குறைக்கவோ வேறு பணிகளுக்கு மாற்றவோ நேர்ந்தது. மறுபுறம், நட்டத்தில் தத்தளித்த அணிகளின் சந்தை மதிப்பு உயர்ந்தது. 2024-இல் மெக்லாரன் அணி, 1998-க்குப் பின் முதன்முறையாக, அணிகளுக்கான பட்டத்தை வென்றது.

வீட்டு வரவுசெலவாயினும் சிறுதொழிலாயினும், வெறும் தொகையைக் குறித்துவைப்பதால் மட்டும் செலவு கட்டுக்குள் வந்துவிடாது. எந்தச் செலவு அதில் அடங்கும், கணக்கை யார் எப்போது சரிபார்ப்பார், மீறினால் எதை விட்டுக்கொடுப்போம் என்னும் மூன்றையும் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டால், வரம்பு ஏட்டளவில் நின்றுவிடாமல் நமக்குப் பயன்தரும்.