எண்பதுகளில் நான் தேர்ந்த இசைத்தட்டுகள்

1980 முதல் 1989 வரை வந்த பாட்டுகளில் பிடித்தவை யாவை என்று நம் கல்லூரியில் யாரைக் கேட்டாலும், மாணவர் ஆனாலும் ஆசிரியர் ஆனாலும், தயங்காமல் பத்துப் பாட்டுச் சொல்வார்கள். பிடித்த இசைத்தட்டுகள் யாவை என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கணம் விழிப்பார்கள். பாட்டு வேறு, இசைத்தட்டு வேறு. ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டுகளையும் ஒரே அமர்வில், தட்டில் உள்ள வரிசையிலேயே கேட்டால்தான், அந்தப் படம் முழுவதற்கும் இசையமைப்பாளர் என்ன நினைத்தார் என்பது விளங்கும். தமிழில் அவ்வாறு ஒரே நினைவாக அமைந்த இசைத்தட்டுகள் மிகுதியாக வந்த காலம் எண்பதுகளே என்பது என் துணிபு.

இயற்பியல் ஆசிரியனாகையால் தட்டைப் பற்றி இரண்டு சொல் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சிறிய தட்டு ஏழு அங்குல விட்டம். நிமிடத்துக்கு 45 சுற்று. பக்கத்துக்கு இரண்டு பாட்டுக்கு மேல் கொள்ளாது. பெரிய தட்டாகிய எல்.பி. பன்னிரண்டு அங்குலம், நிமிடத்துக்கு 33 1/3 சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தட்டின் சுழற்சி வேகம் மாறுவதில்லை. ஆனால் ஊசியின் கீழ் ஓடும் பள்ளத்தின் நேர்கோட்டு வேகம் மாறுகிறது. வெளி ஓரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர்; நடுவிலுள்ள தாளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலி அலை அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. ஆகவே பக்கத்தின் கடைசிப் பாட்டில் தெளிவு சற்று மங்கும். உச்ச ஒலிகள் நிறைந்த பாட்டைக் கடைசியில் வைத்தால் அது கரகரக்கும். எந்தப் பாட்டை எங்கே வைப்பது என்பதே ஒரு கலை என்பதை மாணவ நண்பர்கள் இதிலிருந்து உணரலாம்.

அந்நாளில் எங்களில் தட்டு வாங்க வசதியுள்ளவர் சிலரே. பேருந்து நிலையத்தின் அருகே 'ரெக்கார்டிங் சென்டர்' இருக்கும். வெற்றுக் கேசட்டையும், பாட்டுகள் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வந்தால், மூன்றாம் நாள் பதிந்து வைத்திருப்பார்கள். ஒரு படத்தில் ஒரு பாட்டு, இன்னொன்றில் ஒரு பாட்டு என்று தாளில் எழுதிக் கொடுப்பதே வழக்கம். நான் மட்டும் "அண்ணே, ஜானி முழுசா, வரிசை மாத்தாம" என்று கேட்பேன். "எடம் மிச்சம் நிக்குமே தம்பி, வேற ஏதாச்சும் போட்டுவிடவா?" என்பார் கடைக்காரர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு படப் பாட்டு அடங்கிய பின்னும் ஏராளமான இடம் மிஞ்சும். அதனால்தான் கடைக்கு வந்த கேசட்டுகளிலேயே ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம் என்று சேர்த்து விற்றார்கள்.

'ஜானி' (1980) என்றேன் அல்லவா? மகேந்திரன் இயக்கிய அந்தப் படத்தில் ஐந்து பாட்டு, ஐந்து குரல். எஸ்.பி. பாலசுப்பிரமணியம், எஸ். ஜானகி, ஜென்சி, சுஜாதா, எஸ்.பி. சைலஜா ஆகிய ஐவருக்கும் ஆளுக்கொரு தனிப்பாட்டு. டூயட் ஒன்றுகூட இல்லை! காதல் படம் எடுத்துவிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டும் வைக்காமல் இருக்க எவ்வளவு துணிவு வேண்டும்! ஒவ்வொருவரும் தம் தனிமையில் நின்று பாடுவதாக அந்தத் தட்டு முழுதும் அமைந்திருக்கிறது. ஒரு பாட்டை மட்டும் கேட்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

அதே ஆண்டில் வந்த 'ஒரு தலை ராக'த்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கல்லூரிக் கதை, டி. ராஜேந்தர் பாட்டும் இசையும் அமைத்து அறிமுகமான படம். டி.எம். சௌந்தரராஜன், பாலசுப்பிரமணியம், ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன் என்று பெரிய பெரிய குரல்கள் உண்டு. கதாநாயகியின் குரலாக ஒரு பாட்டும் இல்லை. காதல் ஒரு தலையாக இருப்பதைத் தட்டே சொல்லிவிடுகிறது. வாத்திய அமைப்பில் இளையராஜாவின் நுட்பம் இதில் இல்லைதான். ஆயினும் என் பட்டியலிலிருந்து அதை எடுக்க மாட்டேன்.

'சங்கராபரணம்' (1980) தெலுங்குப் படம். மொழிமாற்றம் செய்யாமலே தமிழ்நாட்டில் ஓடியது. கே.வி. மகாதேவன் இசை. சங்கீதம் முறையாகப் பயின்றிராத பாலசுப்பிரமணியத்துக்குத் தேசிய விருது கிடைத்தது அந்தத் தட்டுக்காகத்தான். 'ராஜபார்வை' (1981) பார்வையற்ற ஒரு வயலின் கலைஞனின் கதை. அதிலுள்ள வயலின் இசை பின்னால் நான் சொல்லப்போகும் தட்டுக்கு முன்னோட்டம் எனலாம்.

1985-இல் வந்த இரண்டில் எது பெரியது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 'சிந்து பைரவி'யில் ஜேசுதாஸ் தீட்சிதரையும் பாடுகிறார், பாரதியாரையும் பாடுகிறார், வைரமுத்துவையும் பாடுகிறார். கர்நாடக சங்கீதம் யாருக்கு உரியது, எந்த மொழியில் பாடவேண்டும் என்ற கேள்வியைப் படம் எழுப்புகிறது; விடையை இசை தருகிறது. காம்போதியில் வழங்கிவரும் தியாகராசர் கீர்த்தனை ஒன்றை இளையராஜா சாரமதி ராகத்தில் அமைத்தார். அதற்கு முன்னால் சித்ராவின் குரலில் ஓடிவரும் நாட்டுப்புற மெட்டு, சுரம் பிசகாமல் அந்தக் கீர்த்தனைக்குள் போய்ச் சேருகிறது. கீர்த்தனையின் ராகத்தை மாற்றலாமா என்று அந்நாளில் பலர் கோபித்துக்கொண்டார்கள். தெருவில் பாடும் மெட்டும் சபையில் பாடும் கீர்த்தனையும் ஒரே ஏழு சுரங்களில் நிற்பவை என்று காட்ட வேறு எந்த வழி இருந்தது என்று நான் அவர்களைக் கேட்பேன். இளையராஜா, சித்ரா இருவருக்கும் அந்த ஆண்டின் தேசிய விருது இப்படத்துக்கே கிடைத்தது.

'முதல் மரியாதை'க்காக வைரமுத்துவும் அதே ஆண்டில் தேசிய விருது பெற்றார். சிவாஜிக்கு டி.எம்.எஸ். குரலே குரல் என்றிருந்த நாட்டில், மலேசியா வாசுதேவனைப் பாடவைத்து, முதுமையின் தயக்கத்தைக் குரலிலேயே கொண்டுவந்தார்கள். எங்கள் தமிழ்த்துறை நண்பர் இதைத்தான் முதலில் வைப்பார். நான் இரண்டாவதாக வைக்கிறேன். அரை அங்குல வித்தியாசம்தான்.

திரைப்படமே இல்லாத ஒரு தட்டு 1986-இல் வந்தது. 'ஹௌ டு நேம் இட்' என்பது அதன் பெயர். பாக் என்ற ஜெர்மானிய இசை மேதைக்கும் தியாகராசருக்கும் அதை இளையராஜா காணிக்கை ஆக்கினார். பாக் மறைந்தது 1750-இல். தியாகராசர் பிறந்தது 1767-இல். சந்தித்திருக்கவே முடியாத இருவரை ஒரு வீட்டில் உட்காரவைத்துப் பேசவிட்டால் எப்படியிருக்கும்? பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசை ஓரிடத்தில் வருகிறது. அதைச் சுற்றி நம் இசை கொடிபோல் படர்கிறது. மேலை இசையில் 'ஃப்யூக்' என்று ஒரு முறை உண்டு. ஒரு வாத்தியம் ஒரு மெட்டைத் தொடங்கும், அது முடிந்ததும் மற்றொன்று அதே மெட்டை வேறு சுருதி நிலையில் தொடங்கும், பிறகு மூன்றாவது. ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் எதுவும் எதையும் மிதிக்காது. நம் சங்கீதமோ ஒரே மெட்டுக் கோட்டில் வளர்வது. இரண்டையும் கட்டினால் ராகத்தின் முகம் சிதைந்துவிடும் என்றுதான் எவரும் அஞ்சுவர். இத்தட்டில் சில இடங்களில் சிதையத்தான் செய்கிறது என்பது என் எண்ணம், வி.எஸ். நரசிம்மனின் வயலின் தனித்து எழும் இடங்களில் துளியும் சிதையவில்லை.

நரசிம்மன் பெயரை நாம் அறிந்தது இத்தகைய தட்டினால்தான். திரைப்படத் தட்டுகளின் உறையில் நடிகர் படம் இருக்கும். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இராது. ஒரு குழலோசை நம்மை உலுக்கினால், ஊதியவர் யார் என்று அறிய வழி இராது. இன்று கைப்பேசியில் கேட்கும்போதோ, பாடலாசிரியர் பெயரைக்கூடப் பல சமயம் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

'நாயகன்' (1987) தட்டில் ஒரு பாட்டுக்காக ஜமுனாராணியையும் எம்.எஸ். ராஜேஸ்வரியையும் அழைத்தார்கள். இருவரும் ஐம்பதுகளில் கொடிகட்டிப் பறந்த பாடகியர். கதை பழைய பம்பாயில் நடக்கிறது. காலத்தைக் காட்ட ஆடை அலங்காரத்தோடு நில்லாமல் குரலையே பழங்காலத்திலிருந்து வரவழைத்தது எவ்வளவு பொருத்தம்! 'கரகாட்டக்காரன்' (1989) ஏன் இல்லை என்று சண்டைக்கு வரும் மாணவர்கள் உண்டு. திருவிழா ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுகளுக்கு இணையில்லை. ஆனால் அவற்றை எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடுவதில்லை, ஆகையால் சேர்க்கவில்லை.

கடைசியாக 'நத்திங் பட் விண்ட்' (1988). ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் பெரிய வாத்தியக் குழுவும் பேசிக்கொள்ளும் தட்டு. இதில் குழல் ஊதியவர் யார் என்று தேட வேண்டியதில்லை. முழுத்தட்டும் என்னிடம் இருக்கிறது; உறை மட்டும் கிழிந்துவிட்டது. கேட்க விரும்பும் மாணவர்கள் புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் இயற்பியல் துறைக்கு வரலாம். இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேட்கப் பொறுமையிருந்தால் போதும். ஊசியை மட்டும் நானே வைப்பேன்.