விரைவுக்கேற்ற நிறுத்தம்: குறைந்த செலவில் ஒரு காரைப் பந்தயத் தடத்திற்குப் பக்குவப்படுத்தும் முறை

விரைந்து செல்லும் ஊர்தியைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் கேட்கும் வினா, அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே. அது எத்தனை மீட்டரில் நிற்கும் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் மோட்டார் ஊர்தியின் வரலாற்றை நோக்கின், மனிதன் விரைவை எய்தியதற்கு எஞ்சின் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் பிரேக்கும் என்பது விளங்கும். நிறுத்த முடியும் என்னும் உறுதி உள்ளவனே துணிந்து விரைய முடியும்.

இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-ஆம் ஆண்டில் வட்டு வடிவப் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் பின்னரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் டிரம் பிரேக்கே கோலோச்சியது. 1953-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்தப்பெற்ற ஜாகுவார் சி-டைப் கார் வெற்றி பெற்றது. அதை ஓட்டியவர்கள் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஆகிய இருவர். பிற கார்கள் வளைவுக்கு வெகு முன்னரே பிரேக்கை மிதிக்க, இக்கார் சற்றுத் தாமதித்து மிதித்தது. அதனையே இரவும் பகலும் சலிக்காமல் செய்தது. பிரேக்கின் பெருமை உலகறிய விளங்கியது அன்றுதான் எனலாம்.

இன்று பந்தயத் தடத்தில் கார் ஓட்டுவது தொழில்முறை வீரர்களுக்கு மட்டுமே உரியதன்று. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச், சில்வர்ஸ்டோன், சப்பானின் சுகுபா முதலிய தடங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் தம் சொந்தக் காரை ஓட்டும் நாள்கள் உண்டு. தமிழ்நாட்டிலும் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் அமைந்துள்ளன. மேலைநாடுகளில் இவ்வாறு ஓட்ட வருவோருள் நடுத்தர வருவாய் உடையோர் பலர். அவர்கள் விரும்பி வாங்கும் பழைய கார்களுள் ஒன்று, 1989-ஆம் ஆண்டில் அறிமுகமான மஸ்தா எம்.எக்ஸ்-5 என்னும் இரண்டு இருக்கைக் கார். அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். தொடக்கக் கால எஞ்சின் 1.6 லிட்டர் அளவினது. சாலைக்குப் போதுமான அதன் பிரேக், தடத்தில் ஏன் தளர்கிறது? குறைந்த செலவில் அதனை எவ்வாறு சீர்செய்வது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெப்பமே பகை

பிரேக் என்பது ஓர் ஆற்றல் மாற்றி. ஓடும் காரின் இயக்க ஆற்றலை அது வெப்பமாக மாற்றிக் காற்றில் கரைக்கிறது. இயக்க ஆற்றல் விரைவின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். விரைவு இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீட்டர் விரைவில் வருகிறது. வளைவுக்கு முன் அதனை 60 கிலோமீட்டராகக் குறைக்க வேண்டும். அப்போது கார் இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9,30,000 ஜூல். 30 பாகை வெப்பமுள்ள மூன்று லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வாற்றல் போதும். நல்ல டயர்கள் இருப்பின் இந்நிகழ்ச்சி மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். அக்குறுகிய நேரத்தில் செலவாகும் திறனைக் கணக்கிட்டால் 400 குதிரைத்திறனுக்கு மேல் வருகிறது. எஞ்சினின் திறனோ ஏறத்தாழ 115 குதிரைத்திறன்தான்! காரை முடுக்கும் உறுப்பைவிட, அதைத் தடுக்கும் உறுப்பு மூன்று மடங்குக்கும் மேலான வேலையைச் செய்கிறது.

காற்றின் தடையும் எஞ்சினின் தடையும் இவ்வெப்பத்தில் ஒரு சிறு பங்கையே ஏற்கின்றன. எஞ்சியது முழுவதும் நான்கு இரும்பு வட்டுகளில், அதிலும் பெரும்பகுதி முன்சக்கர வட்டுகளில் சேர்கிறது. சாலையில் ஒருமுறை அழுத்தி நிறுத்தினால், அடுத்த முறைக்குள் வட்டு ஆறிவிடும். தடத்திலோ, வட்டு ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சாலைக்கும் தடத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இருவகைத் தளர்ச்சி

பிரேக் தளரும்போது, எந்த உறுப்பு தளர்ந்தது என அறிதல் வேண்டும். நோய் அறியாது மருந்து வாங்குவோர் பணத்தையும் இழப்பர், நோயும் தீராது. இங்கு ஓட்டுநரின் பாதமே மருத்துவரின் கையாக நின்று நாடி பார்க்கிறது.

பெடல் மெத்தென்று அமிழ்ந்து தரைவரை சென்றால், கொதித்தது பிரேக் திரவம். மாஸ்டர் சிலிண்டரில் நாம் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுசெல்வது அத்திரவமே. திரவம் எளிதில் சுருங்காது, ஆவி சுருங்கும். திரவத்தில் ஆவிக்குமிழ்கள் தோன்றியதும், மிதிக்கும் விசை குமிழ்களைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பெடலை விரைந்து பலமுறை மிதித்தால் ஓரளவு அழுத்தம் மீளக்கூடும். எனினும் அதற்குரிய நேரம் கிட்டுவது ஐயமே.

பெடல் கல்லைப் போல் உறுதியாக இருந்தும் கார் விரைவு குறையாமல் ஓடினால், தளர்ந்தது பிரேக் பேட். பேடில் உள்ள பிசின் முதலிய கட்டுப்பொருள்கள் தம் எல்லையைக் கடந்து சூடேறும்போது வாயுவை வெளிவிடுகின்றன; உராய்வு குன்றுகிறது. எவ்வளவு வலிமையாக மிதித்தாலும் பயன் இராது.

மிதிக்கும்போது ஸ்டீரிங் நடுங்கினால், பலரும் வட்டு கோணிவிட்டது என்று கூறி அதை மாற்றுவர். பெரும்பாலும் வட்டு கோணியிருப்பதில்லை. பேடின் பொருள் வட்டின் மேல் திட்டுத்திட்டாகப் படிந்திருப்பதே அந்நடுக்கத்திற்குக் காரணம்.

செலவின் வரிசை

முதலாவது, பிரேக் திரவம். பட்டறைகளில் இதனைப் பிரேக் ஆயில் என்பர். உண்மையில் இது எண்ணெய் அன்று. எண்ணெய் வகை எதனையும் இதில் கலந்தால் ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெட்டுவிடும். கிளைக்கால் வகையைச் சேர்ந்த இத்திரவத்திற்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. டாட் 4 என்னும் தரமுடைய புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அத்தரம் கோரும் எல்லை 155 பாகைதான். காலப்போக்கில் நேரும் இவ்வீழ்ச்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, பழைய திரவத்தை முற்றிலும் நீக்கி, காற்றுக்குமிழ் இன்றிப் புதியதை நிரப்புவதே முதற்பணி. பந்தயத்திற்கென்று விற்கப்படும் திரவங்களுள் 300 பாகைக்கு மேலும் கொதிக்காதவை உண்டு. அவற்றை அடிக்கடி மாற்றுதல் நலம். திறந்து வைத்த புட்டியில் எஞ்சியதைப் பின்னர்ப் பயன்படுத்துதல் கூடாது. சிலிக்கோன் வகையான டாட் 5 என்பதும், கிளைக்கால் வகையான டாட் 5.1 என்பதும் பெயரால் நெருங்கியவை, பண்பால் வேறானவை. அவற்றை ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது.

இரண்டாவது, பிரேக் பேட். தடத்திற்கேற்ற பேட் மிகுந்த வெப்பத்திலும் உராய்வை இழப்பதில்லை. ஆனால் முழுப் பந்தயப் பேட் குளிர்ந்த நிலையில் நன்கு பற்றாது, ஒலி எழுப்பும், வட்டையும் விரைந்து தேய்க்கும். தடத்திற்கு ஓட்டிச் சென்று அதே காரில் வீடு திரும்புவோர் இடைத்தரமான பேடைத் தெரிந்தெடுத்தலே அறிவுடைமை. புதிய பேடை மாற்றியதும், மிதமான விரைவிலிருந்து பலமுறை விரைவைக் குறைத்துப் படிப்படியாகச் சூடேற்றி, பின் ஆறவிட வேண்டும். இவ்வாறு பழக்கும்போது பேடின் மெல்லிய படலம் வட்டின் மேல் ஒரே சீராகப் படிகிறது. முன்னர்க் கூறிய நடுக்கம் தோன்றாதிருக்கவும் இதுவே வழி.

மூன்றாவது, செலவே இல்லாத பணி. இக்காரின் காலிப்பர் இரு ஊசிகளின் மேல் நகர்ந்து செயல்படும் வகையினது. அவ்வூசிகளில் அழுக்கேறி இறுகினால், பேட் ஒருபுறம் மட்டும் ஆப்பு வடிவில் தேயும். ஊசிகளைத் துடைத்து அவற்றிற்குரிய மசகைத் தடவினால் பாதிச் சிக்கல்கள் தீரும்.

நான்காவது, காற்று. முன் பம்பரின் திறப்பிலிருந்து வளையும் குழாய் ஒன்றை வட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுசெல்லலாம். காற்றோட்ட வட்டு என்பது இரண்டு தகடுகளுக்கிடையே இடைவெளி உடையது; சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பில் வெளியேற்றும். ஆதலின் காற்றை நடுவில் செலுத்துதலே முறை. ஒரு பக்கத்தின் மேல் மட்டும் வீசச் செய்தால் வட்டு ஒருபுறம் சூடாகவும் மறுபுறம் குளிர்ந்தும் நின்று துன்புறும்.

ஐந்தாவது, பின்னிய எஃகு உறையிட்ட குழாய்கள். பழைய ரப்பர்க் குழாய் அழுத்தத்தில் சற்றே விரியும். எஃகு உறை அதனைத் தடுத்துப் பெடலை உறுதியாக்கும். இது தளர்ச்சியைத் தீர்க்காது. பாதத்தின் உணர்வைக் கூர்மையாக்கும்.

பெரிய வட்டு வேண்டுமா?

இளைஞர் பலர் முதலில் வாங்க விழைவது பெரிய வட்டும் வண்ணம் பூசிய காலிப்பருமே. சக்கரத்தின் இடைவெளியில் அவை அழகாகத் தெரியும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருக்கும் பிரேக்கே சக்கரத்தை முழுதும் பூட்டி நிறுத்த வல்லதாயின், அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரின் பற்றுதல்தான். பெரிய வட்டினால் ஒருமுறை நிற்கும் தொலைவு குறைந்துவிடாது. மிகுதியான வெப்பத்தைத் தாங்குதலே அதன் பயன். திரவம், பேட், காற்று ஆகிய மூன்றையும் சீர்செய்த பின்னும் தளர்ச்சி தோன்றினால் மட்டுமே வட்டினைப் பற்றி எண்ண வேண்டும்.

அப்போதும் சிக்கனமான வழி ஒன்று உண்டு. தொடக்கக் கால 1.6 லிட்டர் காரின் முன் வட்டு 235 மில்லிமீட்டர் விட்டமுடையது. 1.8 லிட்டர் எஞ்சினோடு பின்னர் வந்த அதே காரில் அது 255 மில்லிமீட்டர். பழைய உதிரிபாகக் கடையில் அவ்வட்டுகளையும் அவற்றிற்குரிய காலிப்பர்களையும் முன்னும் பின்னும் ஒருசேர வாங்கிப் பொருத்தலாம். முன்புறம் மட்டும் மிகப் பெரிய பிரேக்கைப் பொருத்தினால், முன்சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்ள, பின்சக்கரத்தின் உழைப்பு வீணாகும். பின்புறம் அளவுக்கு மிஞ்சினாலோ, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாய்ச் சுழலும். தயாரிப்பாளர் ஆய்ந்து அமைத்த சமநிலையை அவர்தம் உறுப்புகளாலேயே காப்பது பணத்திற்கும் உயிருக்கும் நல்லது.

துளையிட்ட வட்டுகளை விரும்புவோரும் உளர். வார்ப்பிரும்பு வட்டில் தடத்தின் வெப்பம் ஏறும்போது, துளைகளின் ஓரத்திலிருந்தே விரிசல் தொடங்குவதுண்டு. துளையற்ற எளிய வட்டு விலையும் குறைவு, உழைப்பும் மிகுதி.

ஓட்டுநரின் பங்கு

நீண்ட தொலைவுக்குப் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே வருவதைவிட, நேர்பாதையில் உறுதியாக அழுத்தி விரைவில் விடுவிப்பதே தடத்தில் முறை. ஓட்டம் முடியும் முன் ஒரு சுற்றினைப் பிரேக்கை இயன்றவரை தொடாமல் மெதுவாக ஓட்டி, வட்டுகளை ஆறவிட வேண்டும். நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுத்தல் கூடாது. இழுத்தால், கொதிக்கும் வட்டை ஓரிடத்தில் பேட் பற்றிக்கொள்ளும். வட்டின் பிற பகுதி ஆறும்போது அவ்விடம் ஆறாது. சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்திற்கு அடைகல் வைப்பதே சிறந்தது.

நம் சாலைகளுக்கு ஒரு சொல்

பந்தயத் தடத்தை வாழ்நாளில் காணாதவர்க்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பேருந்திலும், நீலகிரியின் கல்லட்டிப் பாதையில் இறங்கும் சுற்றுலா வேனிலும் நடைபெறுவது இதே வெப்பக் கணக்குதான். 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்லிவைத்த சொல்லில் இவ்வறிவியல் அடங்கியுள்ளது. எஞ்சின் ஒரு பங்கு சுமையைத் தாங்கினால் பிரேக் பிழைக்கும். பிரேக் பிழைத்தால் நாமும் பிழைப்போம்.

கல்லூரிக்கு மாணவர் ஓட்டிவரும் மோட்டார் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருப்பின், அதன் கைப்பிடியருகே சிறு கிண்ணம் ஒன்றைக் காணலாம். அதிலும் அதே திரவம், அதே ஈரம், அதே கொதிநிலை. சைலன்சரை மாற்றவும் ஒட்டுப்படம் ஒட்டவும் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதி போதும், அத்திரவத்தைத் தயாரிப்பாளர் குறித்த காலத்தில் மாற்ற. பெற்றோரும் பெரியோரும் பிள்ளைகளுக்கு வண்டி வாங்கித்தரும்போது, அதன் விரைவைப் பற்றி எச்சரிப்பதோடு அமையாது, அதன் பிரேக் திரவம் எப்போது மாற்றப்பெற்றது என்றும் கேட்பாராக. கண்ணுக்குத் தெரியும் உறுப்பில் செலவிடுவது அலங்காரம். கண்ணுக்குத் தெரியாத உறுப்பில் செலவிடுவது பாதுகாப்பு. பொருள் குறைவாக உள்ளவர் இவ்விரண்டில் எதனை முதலில் நாட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.