கியர்பாக்சுக்கு எச்சரிக்கை விளக்கு இல்லை: பழைய பிக்கப்பை நாமே கவனிப்போம்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு அப்பாவின் பழைய பிக்கப் சாவியை வாங்கிக்கொண்டு தொழிலில் இறங்கும் இளைஞர்கள் நம்மிடையே பலர் உண்டு. இரவுச் சந்தைக்குக் காய்கறி ஏற்றுவது, செம்பனைத் தோட்டத்தில் குத்தகை வேலை எடுப்பது, வீடு வீடாகச் சென்று குளிர்சாதனக் கருவிகளைப் பழுது பார்ப்பது என எதைத் தொடங்கினாலும் வண்டி வேண்டும். புதிய வண்டிக்கு முன்பணம் கட்ட முடியாத குடும்பத்தில், 15 அல்லது 20 ஆண்டுகள் ஓடிய டீசல் பிக்கப்தான் முதலீடு. அது ஒரு வாரம் பட்டறையில் நின்றால் வீட்டுக்கு ஒரு வார வருமானம் இல்லை.

2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. பழைய பிக்கப்பை நம்பிப் பிழைப்பவர்கள் அன்றிலிருந்து ஒவ்வொரு செலவையும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்படி எண்ணும்போது பலர் முதலில் வெட்டும் செலவு பராமரிப்புதான். வெட்டக்கூடாத செலவும் அதுதான்.

எஞ்சின் எண்ணெயை யாரும் மறப்பதில்லை. அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று பட்டறைக்காரர் கண்ணாடியில் ஒட்டி அனுப்பும் சிறு சீட்டு நினைவூட்டிவிடும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கும் எரியும். மேனுவல் கியர்பாக்சுக்கு அந்தச் சீட்டும் இல்லை, விளக்கும் இல்லை. எண்ணெய் கசிந்து வற்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் காதுக்கு எட்டும்போது பற்சக்கரமும் பேரிங்கும் தேய்ந்திருக்கும். எண்ணெய் மாற்றும் செலவு சில நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கும். கியர்பாக்சை இறக்கிப் பிரித்தால் கணக்கு ஆயிரங்களுக்குப் போய்விடும்.

எண்ணெய் இருக்கும் இடங்கள்

நான்கு சக்கர இயக்கமுள்ள மேனுவல் பிக்கப்பில் எண்ணெய் ஐந்து இடங்களில் தனித்தனியாக இருக்கிறது: எஞ்சின், கியர்பாக்ஸ், அதை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வண்டியில் மூன்று இடங்கள். பயன்படுத்திய வண்டியை வாங்கும்போது, இந்த இடங்களில் கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியவில்லையென்றால், வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு உங்கள் கணக்கை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

கியர் எண்ணெயைப் பொதுவாக 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பாரம் ஏற்றும் வண்டி, தோட்டத்து மண்சாலையில் ஓடும் வண்டி, தண்ணீரில் இறங்கும் வண்டி என்றால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய கால அளவும் எண்ணெய் வகையும் அளவும் உரிமையாளர் கையேட்டில் உள்ளன. கையேடு தொலைந்திருந்தால் முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள்.

கடையில் எண்ணெய் வாங்கும்போது கலத்தில் 75டபிள்யூ-90 என்று மட்டும் பார்த்தால் போதாது. அது எண்ணெயின் கெட்டித்தன்மை. அதனுடன் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்ற தரக்குறியீடும் இருக்கும். டிஃபரன்ஷியலில் பற்சக்கரங்கள் ஒன்றன்மீது ஒன்று அழுத்தமாக வழுக்கிச் சுழல்வதால் அதற்கு ஜிஎல்-5 வேண்டும். அதே எண்ணெயில் உள்ள கந்தகக் கலவை, ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்சினுள் இருக்கும் பித்தளை வளையங்களைக் காலப்போக்கில் அரிக்கக்கூடும். கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் சேர உதவுபவை அந்த வளையங்கள்தான். எனவே “எல்லாம் ஒன்றுதான்” என்று கடைக்காரர் சொன்னாலும் கையேடு சொல்வதையே வாங்குங்கள்.

மாற்றும் முறை

கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்ற உயரமான பிக்கப்பைப் பெரும்பாலும் ஜேக் வைத்துத் தூக்க வேண்டியதில்லை. சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுக் கீழே நுழையலாம். எண்ணெய் அளவு சரியாகத் தெரியவும் சமதளம் வேண்டும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் உறுதியான ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டாதீர்கள். ஜேக் வழுக்கினால் உயிர் போகும்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் எண்ணெய் இளகி, அடியில் தங்கிய கசடோடு சேர்ந்து வடியும். புகைக்குழாய் சூடாக இருக்கும், கை படாமல் பாருங்கள். கியர்பாக்சில் இரண்டு திருகுமூடிகள் உண்டு. பக்கவாட்டில் மேலே இருப்பது எண்ணெய் ஊற்ற, கீழே இருப்பது வடிக்க. பழைய ஹைலக்ஸ் பலவற்றில் இவற்றுக்கு 24 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும்.

எப்போதும் மேல்மூடியை முதலில் கழற்றுங்கள். பல ஆண்டுகளாகத் திறக்காத மூடி துருப்பிடித்து அசையாமல் போயிருக்கலாம். கீழே எண்ணெயை வடித்துவிட்ட பிறகு மேல்மூடி திறக்கவில்லையென்றால் எண்ணெய் ஊற்ற வழியில்லை. வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும்.

வடிந்து முடிந்ததும் புதிய வாஷர் போட்டுக் கீழ்மூடியை இறுக்குங்கள். பிறகு பம்பு அல்லது நீண்ட குழாய் வழியாக மேல்துளையில் எண்ணெயை ஏற்றுங்கள். வண்டியைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு லிட்டர் பிடிக்கும். துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் வந்து வழியத் தொடங்கினால் அதுதான் சரியான அளவு. டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேசுக்கும் இதே முறைதான்.

வடிந்த எண்ணெய் சொல்லும் செய்தி

வடிந்த எண்ணெயை உடனே கொட்டிவிடாதீர்கள். வடிகால் மூடியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருக்கும். மாவு போல் மெல்லியதாக இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புத் துண்டு கிடைத்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. எண்ணெயில் பொன்நிறத் துகள் மின்னினால் பித்தளை வளையங்கள் தேய்கின்றன. எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் புகுவது நம் நாட்டில் அரிதல்ல. ஆண்டிறுதி மழையில் கிழக்குக்கரை ஆண்டுதோறும் படும் பாடு நமக்குத் தெரியும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவே மூழ்கியது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்றுப்போக்கி சேற்றால் அடைபட்டிருந்தால், அந்த வெற்றிடம் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். வெள்ளநீரில் ஓட்டியவர்கள் அந்த வாரமே எண்ணெயைச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு குறிப்பு. ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று உரசினால் உடனே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கிளட்ச் எண்ணெய்க் குப்பியைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் கிளட்ச் முழுமையாக விலகாமல் உரசும். கசிவைச் சரிசெய்தாலே தீரக்கூடிய கோளாறுக்குக் கியர்பாக்சைப் பிரிக்க வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கத்தை மாதம் ஒருமுறையேனும் போட்டு 16 கிலோமீட்டர் ஓட்டும்படி ஹைலக்ஸ் கையேடுகள் கூறுகின்றன. அப்போதுதான் முன்பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் பரவும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் இதைச் செய்யக்கூடாது. ஈரமான மண்சாலையில் செய்யுங்கள்.

ஆட்டோ கியர் என்றால்

ஆட்டோ வண்டியில் ஊற்றுவது வேறு வகை எண்ணெய், நிறம் பெரும்பாலும் சிவப்பு. அளவுக்கோல் உள்ள பழைய பிக்கப்பில், ஓடிச் சூடான பிறகு சமதளத்தில் எஞ்சினை நிறுத்தாமல், பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய் மீண்டும் ‘பார்க்’ நிலைக்கு வந்து அளக்க வேண்டும். பழுப்பு நிறமும் கருகிய வாடையும் இருந்தால் உள்ளே சூடேறித் தேய்ந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் பால் போல் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் கசிந்து தண்ணீர் கலந்திருக்கலாம். அந்த வண்டியை மேலும் ஓட்டாதீர்கள்.

கீழ்மூடியைத் திறந்தாலும் ஆட்டோவில் எல்லா எண்ணெயும் வடியாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் பெரும்பகுதி தங்கிவிடும். வடிந்ததை ஓர் அளவுக் குவளையில் அளந்து, அதே அளவு புதியதை ஊற்றி, பிறகு அளவுக்கோலால் சரிபாருங்கள்.

டீசல் வண்டிக்கு டியூன்-அப்

பெட்ரோல் வண்டிக்கு டியூன்-அப் என்றால் ஸ்பார்க் பிளக் நினைவுக்கு வரும். டீசலில் அது கிடையாது. நாமே செய்யக்கூடியவை நான்கு. காற்று வடிகட்டியைச் சோதித்து மாற்றுவது. டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து சேர்ந்திருக்கும் தண்ணீரை வடிப்பது. பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. கிரீஸ் நிப்பிள் உள்ள புரொபெல்லர் ஷாஃப்டுக்குப் புதிய கிரீஸ் ஏற்றுவது. அரைநாள் வேலைதான். அடைபட்ட வடிகட்டியோடு ஓடும் டீசல் எஞ்சின் கரும்புகை கக்கி, எண்ணெயையும் வீணடிக்கும்.

நிறுத்த வேண்டிய இடமும் உண்டு. காமன் ரெயில் டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாய்களின் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகும். உங்கள் டயரில் இருப்பது சுமார் 2 முதல் 3 பார்தான். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். அதில் கைவைக்காதீர்கள். ‘விகோ’ என்று நம்மவர் அழைக்கும் ஹைலக்சின் 2.5 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் எஞ்சின் பாழாகும். அதை மாற்றுவதும் பட்டறை வேலை. அதற்கான விளக்கு எரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். முந்தைய உரிமையாளர் பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்திருக்கலாம்.

கழிவெண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதும் செடிக்கடியில் கொட்டுவதும் கூடாது. 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளில் அது திட்டமிட்ட கழிவு வகையில் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் இருக்கிறது. பழைய கலத்தில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் பெயர், அளவு, வடிந்தபோது கண்டது ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. பட்டறைக்குப் போகும்போதும் “ஏதோ சத்தம் வருது அண்ணே” என்று சொல்லி நிற்காமல், எந்த கியரில், எந்த வேகத்தில், எப்போதிலிருந்து என்று சொல்ல முடியும். தேவையற்ற பாகத்தை மாற்றிப் பணம் கேட்டால் கேள்வி கேட்கவும் முடியும்.

இந்த வேலை கைக்குப் பிடித்துப்போனால் அதையே தொழிலாக்கவும் வழி இருக்கிறது. கியாட்மாரா, மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள், தொழிற்கல்லூரிகள் ஆகியவற்றில் வாகனப் பயிற்சி உண்டு. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா. பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், தங்கள் அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி பி.பி.டி. முறையில் திறன் மேம்பாட்டுத் துறையிடம் எஸ்.கே.எம். பெறலாம். மதிப்பெண் குறைவு என்பதால் வழி அடைந்துவிட்டது என்று எண்ணும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வார இறுதியில் வீட்டுப் பிக்கப்பின் அடியில் ஒருமுறை பாருங்கள். கியர்பாக்சின் மேல்மூடியைச் சுற்றி ஈரமும் தூசியும் படிந்திருந்தால் அது கசிவின் அறிகுறி. வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.